ஊர் மலையைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக்க மனுப் போடுகிறீர்களா? முதலில் சர்வே எண்ணைப் பாருங்கள்

எங்கள் ஊர் மலைக்காகவும் அதன் அடிவாரக் கண்மாய்க்காகவும் நாங்கள் கொடுத்த மனு இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை வந்தபோது பறவைப் பட்டியல் போதவில்லை போலும் என்று நினைத்து, மழைக்காலம் முழுவதும் அலைந்து இன்னும் முப்பது பறவைகளைச் சேர்த்தோம். காரணம் பறவையே இல்லை. மலையின் வடசரிவு வேறொரு சர்வே எண்ணில் இருந்தது, அதை விட்டுவிட்டோம். சேர்த்த எண்களில் ஒன்று தனியார் பட்டா. இரண்டாம் முறை கிராம சபைத் தீர்மானத்தில் பரப்பளவு ஏக்கரிலும், இணைப்பில் ஹெக்டேரிலும் இருந்தது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. மூன்றாவது மனு இப்போது சென்னையில் இருக்கிறது.

ஊருக்குள் ஒரு குன்றோ கண்மாயோ கோயில்காடோ வைத்துக்கொண்டு, அதை எப்படிக் காப்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்கள் மலை ஏற்கெனவே காப்புக்காடாக இருந்தால் இது உங்களுக்கு வேண்டாம். நேராக வனத்துறையிடம் போங்கள்.

1. எந்தச் சட்டத்தின் கீழ் கேட்பது என்று முடிவு செய்யுங்கள்

"சரணாலயமாக அறிவிக்க வேண்டும்" என்றுதான் எல்லோரும் மனு எழுதத் தொடங்குகிறோம். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். அது ஊரோடு ஒட்டிய சிறு நிலத்துக்குப் பொருந்தாது, ஊரும் ஒப்புக்கொள்ளாது. பொருந்தக்கூடிய வழிகள் மூன்று.

அரசு நிலம் என்றால், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 36-ஏ-யின் கீழ் பாதுகாப்புக் காப்பகம். 2005-இல் அறிவிக்கப்பட்ட திருப்புடைமருதூர் பறவைகள் காப்பகம் இந்த வகை. தனியார் நிலமோ ஊர்ச் சமூகத்தின் பொதுநிலமோ என்றால், உரிமையாளர்கள் தாமாக முன்வந்தால், பிரிவு 36-சி-யின் கீழ் சமுதாயக் காப்பகம். இதில் கவனம் வேண்டும்: அறிவித்த பிறகு அந்தக் காப்பகத்தின் மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலப் பயன்பாட்டை மாற்ற முடியாது. கையெழுத்துப் போடுபவருக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது, நாங்கள் தேர்ந்தெடுத்தது. பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் 2002, பிரிவு 37-இன் கீழ் பல்லுயிர் பாரம்பரியத் தலம். உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டு மாநில அரசு அறிவிப்பது. ஆடு மேய்ப்பது, சாமி கும்பிடுவது, மீன் பிடிப்பது போன்ற ஊர் வழக்கங்களை இது தடுப்பதில்லை. ஊர் தானாகப் போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடுகள்தான். அறிவிப்பால் யாருக்காவது பொருளாதார இழப்பு ஏற்பட்டால் ஈடுசெய்ய அரசு திட்டம் வகுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

தமிழ்நாட்டில் இதில் முதலாவது மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலும் சேர்த்து 193.215 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லிக் கழுகு, அழுங்கு (எறும்புத்தின்னி), தேவாங்கு என்று பட்டியல் நீளம். அடுத்து 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காடு, வெறும் 4.97 ஹெக்டேர். ஆகவே 'எங்கள் இடம் சின்னது' என்று தயங்க வேண்டாம்.

ஆனால் இது கோட்டைச் சுவர் இல்லை. அரிட்டாபட்டியை உள்ளடக்கிய சுமார் 2,015 ஹெக்டேர் பரப்பு, அறிவிப்பு வந்து இரண்டே ஆண்டில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விடப்பட்டது. ஊர் ஊராகத் தீர்மானம் போட்டு, மக்கள் மதுரைக்கு நடந்து, சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றிய பிறகுதான் 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. பாரம்பரியத் தலம் என்ற பட்டம் அங்கே ஒரு வலுவான வாதமாக நின்றது, பூட்டாக நிற்கவில்லை.

2. அ-பதிவேட்டைப் படியுங்கள்

பைனாகுலர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஊரின் ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யார் பெயரில் என்று சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடுதான் அ-பதிவேடு. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டு விவரமும், எஃப்.எம்.பி. என்று சொல்லும் புலப்படமும் காசில்லாமல் கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேட்டுப் பார்த்து, மலையைச் சுற்றியுள்ள ஒவ்வொரு சர்வே எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். எண், உட்பிரிவு, பரப்பு, வகைப்பாடு, யார் பெயரில் என்று ஐந்து கட்டங்கள் போதும்.

வகைப்பாட்டுக் கட்டத்தில்தான் மலையின் தலையெழுத்து இருக்கிறது. நாம் மலை என்று பார்ப்பது பதிவேட்டில் 'மலை' என்றும் இருக்கலாம், 'கல்லாங்குத்து' (பாறை நிலம்) என்றும் இருக்கலாம், 'தீர்வை ஏற்படாத தரிசு' (நிலவரி விதிக்கப்படாத தரிசு) என்றும் இருக்கலாம். எங்கள் மலையில் இந்த மூன்றுமே இருந்தன. கல்லாங்குத்து, தரிசு என்று இருக்கும் எண்களைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். குவாரிக்காரர் கண் முதலில் விழுவது அவற்றில்தான்.

கண்மாய் யாருடையது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்ப் பாசன நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். கோயில் பெயரில் நிலம் இருந்தால் அறநிலையத் துறையையும் கேட்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு உடைமைத் துறையும் ஒரு மாதத் தாமதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களைக் கவிழ்த்தது உட்பிரிவு. ஒரு சர்வே எண் எப்போதோ இரண்டாகப் பிரிந்து, ஒரு துண்டுக்குப் பட்டா ஆகியிருந்தது. எங்களிடம் இருந்தது பிரிவதற்கு முந்தைய பழைய நகல். எனவே ஆவணங்களை மனுக் கொடுக்கும் மாதத்தில் மறுபடியும் எடுங்கள். பரப்பை ஹெக்டேர், ஏர் என்று பதிவேட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். ஏக்கருக்கும் சென்ட்டுக்கும் மாற்றி எழுதினால் எங்காவது தசமப்புள்ளி இடம் மாறிவிடும்.

இணையத்தில் இல்லாத விவரத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒரு மனுவில் ஒரு பொருளை மட்டும் கேளுங்கள். பதிலுக்கு 30 நாள். "இந்தச் சர்வே எண்களில் குவாரி உரிமம் வழங்கப்பட்டுள்ளதா, விண்ணப்பம் நிலுவையில் உள்ளதா" என்ற கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

3. எல்லையை உயிரினங்கள் நடக்கும் வழியில் வரையுங்கள்

மலையைச் சுற்றி ஒரு கோடு, கண்மாயைச் சுற்றி ஒரு கோடு என்றுதான் எங்கள் முதல் வரைபடம் இருந்தது. அதை ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். நாற்பது ஆண்டாக அந்த மலையில் ஆடு மேய்ப்பவர். படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தண்ணிக்கு எப்படி இறங்கும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு மண்ணில் உட்கார்ந்து மேய்ச்சல் கம்பால் ஒரு கோடு இழுத்தார். மலையின் கிழக்கு மடிப்பிலிருந்து ஓடை, ஓடையிலிருந்து கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், வரத்துக்கால் கரையில் ஆலும் புளியுமாகக் கண்மாய் வரை. முயல், கீரி, நட்சத்திர ஆமை, அழுங்கு எல்லாம் அந்த வழியாகத்தான் இறங்குமாம். தேவாங்கு தரையில் இறங்க விரும்பாது. கிளை கிளையாகப் போகும். வரத்துக்கால் கரையில் நாலு மரத்தை வெட்டினால் அதற்குப் பாதை அறுந்தது.

யானை வழித்தடம் என்றால் நாடே பேசும். நீலகிரி சீகூர் வழித்தடத்துக்காக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபரில் வழித்தடம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. பத்தடி அகல வரத்துக்காலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஆனால் மலையையும் நீரையும் சேர்க்கும் அந்தப் புறம்போக்கு உங்கள் பட்டியலில் இல்லையென்றால், இரண்டு தீவுகளைத்தான் காக்கிறீர்கள். ஓடை, வரத்துக்கால், வண்டிப்பாதை ஆகியவற்றுக்குத் தனிச் சர்வே எண்களோ உட்பிரிவுகளோ புலப்படத்தில் இருக்கும். அவை மெலிந்த கோடுகளாகத் தெரியும், விட்டுவிடாதீர்கள்.

வரத்துக்கால் நடுவில் பட்டா நிலம் குறுக்கிட்டால் அதை எல்லைக்குள் போடாதீர்கள். உரிமையாளரிடம் பேசி, வேலியோர உயிர்வேலியையும் மரங்களையும் விட்டுவைக்க வாய்மொழியாக ஒப்புக்கொள்ள வைத்தாலே போதும். எங்கள் இரண்டு உரிமையாளர்களில் ஒருவர் ஒப்புக்கொண்டார். மற்றவர் கம்பிவேலி போட்டார். வேலியின் அடியில் ஒரு சாண் இடைவெளி விடச் சொன்னோம், விட்டார். ஆமைக்கு அது போதும்.

சாலை குறுக்கிடும் இடத்தில் இருபுறக் கிளைகளும் தொட்டுக்கொள்ளும் மரங்களைக் குறித்து, 'வெட்டக் கூடாதவை' என்று படத்தோடு மனுவில் சேருங்கள். சாலை அகலப்படுத்தும் வேலை வரும்போது அந்தத் தாள் உதவும்.

4. ஊரிடம் பேசும் வரிசை

முதலில் ஆடு மாடு மேய்ப்பவர்கள். அடுத்து கண்மாய் ஆயக்கட்டுக்காரர்கள், மீன் குத்தகைக்காரர், கோயில் பூசாரி, நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். ஊர்ப் பெரிய மனிதர்கள் கடைசியில். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். டீக்கடையில் செய்தி பரவி, "மலையை வனத்துறைக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்" என்று ஆகிவிட்டது. அந்த ஒரு வதந்தியைச் சரிசெய்ய நான்கு மாதம் பிடித்தது.

கூட்டத்தில் ஒரு அம்மாள் எழுந்து, "விறகு பொறுக்கலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். இப்படிப்பட்ட கேள்விக்கு மழுப்பினால் கதை முடிந்தது. என்னென்ன தொடரும், என்னென்ன நிற்கும் என்று இரண்டு பத்தியாக ஒரு தாளில் எழுதி, நகல் எடுத்துக் கொடுங்கள். எங்கள் தாளில் தொடர்பவை: மேய்ச்சல், காய்ந்த விறகு, திருவிழா, வண்டல் மண் எடுப்பது. நிற்பவை: வெடி வைப்பது, வேட்டை, குப்பை கொட்டுவது, பாறையில் பெயின்ட் எழுத்து.

5. பல்லுயிர் மேலாண்மைக் குழு உங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கக்கூடும்

உள்ளாட்சிகளில் இந்தக் குழு இருக்க வேண்டும். ஊரின் உயிரினங்களை எழுதிவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காவிட்டால் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு வைத்ததால், நாடு முழுவதும் அவசர அவசரமாகக் குழுக்கள் அமைக்கப்பட்டன. எங்கள் ஊர்க் குழு உறுப்பினர் ஒருவருக்குத் தாம் உறுப்பினர் என்பதே தெரியாது. பதிவேட்டில் எங்கள் கண்மாயில் இல்லாத மீன்கள் இருந்தன.

கோபப்பட வேண்டாம். அந்தக் குழுவையே உயிர்ப்பியுங்கள். புதிதாக ஒன்றைத் தொடங்கி இரட்டை வேலை ஆக்காதீர்கள். ஊராட்சிச் செயலரிடம் குழு அமைத்த தீர்மான நகலையும் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் உரிய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். திருத்திய பதிவேட்டைக் குழுக் கூட்டத்தில் வைத்து, கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள். தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் இருக்கும் ஊராட்சி என்றால் கையெழுத்து அவருடையது. அவருக்குப் பல ஊராட்சிகள் இருக்கும் என்பதால் நாள் குறித்துக்கொண்டு போங்கள்.

6. ஓராண்டுக் கணக்கெடுப்பு

ஒரு வார இறுதியில் நிபுணர்களை அழைத்து வந்து எடுத்த பட்டியல் பார்க்க அழகாக இருக்கும், நம்பகமாக இருக்காது. மாதம் இரண்டு நாள், ஒரே தடத்தில், ஓராண்டு நடங்கள். வலசைப் பறவைகளுக்கு ஐப்பசியிலிருந்து மாசி வரை, தவளைகளுக்கு முதல் பெருமழை இரவு, பாறையில் கூடு வைக்கும் வல்லூறுகளுக்கு முன்பனிக்காலம் தொடங்கிக் கோடை வரை. தேதி, நேரம், இடம், பார்த்தவர் பெயர் நான்கும் இல்லாத பதிவு பதிவே அல்ல. பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல், விலங்கியல் துறைகள் இருந்தால் ஆசிரியரிடம் கேளுங்கள். மாணவர்களுக்குத் திட்டக் கட்டுரையும் ஆகும், உங்களுக்குத் துறை முத்திரையுடன் பட்டியலும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. கொம்பன் ஆந்தைக் கூடு, அழுங்கு வளை, தேவாங்கு மரம் ஆகியவற்றின் துல்லியமான இடத்தைப் பொதுப் பட்டியலிலோ வாட்ஸ்ஆப் குழுவிலோ போடாதீர்கள். எங்கள் இளைஞர் ஒருவர் ஆந்தைக் குஞ்சுகளின் படத்தை இடக்குறியோடு பகிர்ந்தார். பத்து நாளில் அந்தப் பாறையிடுக்கு காலி. யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. வனத்துறைக்குக் கொடுக்கும் உறையில் மட்டும் இடக்குறி இருக்கட்டும்.

7. கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றைத் தவறவிட்டால் ஒரு மாதத்திலிருந்து மூன்றரை மாதம் வரை போய்விடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். கண்மாய் பற்றிய தீர்மானத்துக்கு அன்று எதிர்ப்புக் குறைவு என்பது என் அனுபவம்.

கோரம், அதாவது குறைந்தபட்ச வருகை, இருக்கிறதா என்று பாருங்கள். மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து குறைந்தால் தீர்மானம் செல்லாது.

தீர்மான வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து கொண்டுபோங்கள். "எங்கள் மலையைக் காக்க வேண்டும்" என்று எழுதிய எங்கள் முதல் தீர்மானம் உணர்ச்சிமிக்கது, பயனற்றது. இருக்க வேண்டியவை: சர்வே எண்கள் உட்பிரிவோடு, ஒவ்வொன்றின் பரப்பும் வகைப்பாடும், மொத்தப் பரப்பு ஹெக்டேரில், சட்டப் பிரிவு, தொடரும் ஊர் உரிமைகள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடிக்கும்வரை நகராதீர்கள். 'அப்புறம் எழுதிக்கொள்கிறோம்' என்று சொன்ன தீர்மானத்தில் எங்களுக்கு இரண்டு எண்கள் காணாமல் போயின. சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்குங்கள்.

8. மனுக் கட்டு

முகப்புக் கடிதம், கிராம சபைத் தீர்மானம், குழுத் தீர்மானம், அ-பதிவேட்டு நகல்கள், புலப்படங்கள், எல்லை குறித்த கிராம வரைபடம், உயிரினப் பட்டியல், தேதியுள்ள படங்கள் இருபது, ஊர் உரிமைத் தாள். கல்வெட்டு, கோயில், பழைய மடை இருந்தால் ஒரு பக்கம். இதற்கு மேல் வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள். எங்கள் முதல் கட்டு 212 பக்கம்; மூன்றாவது 64.

தமிழ்நாடு பல்லுயிர் வாரியத்துக்கு ஒன்று, மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று, மாவட்ட வன அலுவலருக்கு ஒன்று. திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். அந்த எண்தான் பிறகு எல்லாக் கேள்விக்கும் கைப்பிடி. வாரியத்துக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. உங்கள் நகலில் பெறுகை முத்திரை வாங்காமல் எந்த அலுவலகத்திலிருந்தும் வெளியே வராதீர்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் கட்டு தொலைந்தபோது முத்திரையிட்ட நகல்தான் காப்பாற்றியது.

9. செலவும் காலமும்

நாங்கள் இதுவரை செலவழித்தது சுமார் 14,000 ரூபாய். பாதிக்கு மேல் பஸ் கட்டணமும் ஜெராக்ஸும். எந்தக் கட்டத்திலும் விண்ணப்பக் கட்டணம் கேட்கப்படவில்லை. யாராவது "முடித்துத் தருகிறேன்" என்று தொகை சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

நில ஆவணங்களுக்கு இரண்டு மாதம், ஊர்ப் பேச்சுக்கு நான்கு, கணக்கெடுப்புக்கு ஓராண்டு. மூன்றையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம். அதற்குப் பிறகு துறைகளின் கருத்து, கள ஆய்வு, அரசாணை என்று எவ்வளவு ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை. கள ஆய்வுக்கு வரும்போது ஆடு மேய்க்கும் பெரியவரைக் கூட நிறுத்துங்கள். அதிகாரி கேட்கும் கேள்விக்கு என்னைவிட அவர் சுருக்கமாகப் பதில் சொன்னார்.

10. காத்திருக்கும்போது செய்ய வேண்டியவை

முதலில், செய்யக் கூடாதது: மரம் நடுவிழா. பாறையும் முட்புதரும் புல்லுமான மலை வெற்றிடம் அல்ல. கௌதாரியும் காட்டு முயலும் ஓணானும் வாழ்வது அங்கேதான். குழி வெட்டி வேம்பும் புங்கனும் நட்டுப் படமெடுக்க வருபவர்களைக் கண்மாய்க்கரைக்கு அனுப்புங்கள்.

சீமைக்கருவேலத்தை ஒரே மூச்சில் அழிக்காதீர்கள். கண்மாய் நடுவில் கொக்கும் நாரையும் கூடு கட்டுவது சில இடங்களில் அந்த மரத்தில்தான். கரையோரத்திலிருந்து தொடங்கி, குஞ்சுகள் பறந்த பிறகு, ஆண்டுக்கு ஒரு பகுதி என்று வேரோடு எடுங்கள். மர ஏலப் பணம் யாருக்கு என்பதை முன்பே தீர்மானத்தில் எழுதாவிட்டால் அதுவே சண்டையாகும்.

குவாரி ஏல அறிவிப்பு மாவட்ட அரசிதழில் வரும். மாதம் ஒருமுறை பார்க்க ஓர் ஆளை நியமியுங்கள். உங்கள் சர்வே எண் வந்தால், கொடுத்த மனுவின் முத்திரை நகலோடு அன்றே ஆட்சியரிடம் ஆட்சேபம் கொடுங்கள்.

தீ பங்குனி, சித்திரையில் வரும். தை மாதத்திலேயே அடிவாரப் புல்லை ஆறடி அகலத்துக்கு அறுத்துக் கோடு போட்டுவிட வேண்டும். அறுத்த புல்லை மேய்ப்பவர்களே மாட்டுக்கு எடுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் இந்த ஆண்டுக் கூலிச் செலவு பூஜ்யம். மதியச் சாப்பாடு மட்டும் குழுவுடையது.